ஆறு கிழமை வயதான ஆண்டுக்கு நான்காம் தவணை

நடந்தது இவ்வளவுதான்:

1. கொட்டாஞ்சேனையில் துணி வெளுக்கும் லோண்டரி நடத்தும் ஸ்டெல்லா, தன் வருமான வரியின் நான்காம் தவணையை மே மாதத்தில், கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே வங்கியில் கட்டினார்.
2. வங்கி பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டில் முத்திரை குத்தியது.
3. தொகை சரி. கட்டிய ஆள் சரி. வரி அடையாள இலக்கமும் சரி.
4. சீட்டில் ஆண்டுக்கான குறியீடு பிழை. அதை எழுதியது நான்.
5. பணம் முடிந்த ஆண்டின் கணக்கில் விழாமல் புதிய ஆண்டின் கணக்கில் விழுந்தது.
6. முடிந்த ஆண்டுக்கு நான்காம் தவணை கட்டவில்லை என்று ஸ்டெல்லாவுக்கு வரித் திணைக்களத்திலிருந்து அறிவித்தல் போனது. தவணை, அதற்கு வட்டி, அதற்கு மேல் தண்டம்.
7. அதை ஸ்டெல்லாவின் கவனக்குறைவு என்று எழுதும்படி, அவருடைய வரிக் கணக்கைப் பார்க்கும் எங்கள் அலுவலகம் எனக்குச் சொன்னது.
8. நான் எழுதவில்லை.

கணக்கியல் பயிலுநர்கள் தாங்களே கூடி வெளியிடும் இந்த மலரில், ஓய்வுபெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. ஓய்வூதியம் கிடையாது, பிரியாவிடை வைபவமும் நடக்கவில்லை. ஆனால் வரித் தொழிலில் பதினொரு வருடம் இருந்தேன், இப்போது இல்லை. கேட்டு வந்த பெண், "அக்கா, இப்ப ஸ்லிப்பே இல்லை, எல்லாம் ஒன்லைன். இனி இப்பிடிப் பிழை வராதுதானே?" என்றார். வரும். முன்பு கையால் எழுதிய குறியீட்டை இப்போது திரையில் தெரிவு செய்கிறோம், அவ்வளவுதான். சீட்டுகள் போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. பிழை வந்த பிறகு யார் பெயரில் அதை எழுதுகிறோம் என்பதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடைவைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுச் சேர்ந்தேன். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, சனி ஞாயிறில் பரீட்சைக்குப் படிப்பு. முதல் வருடம் பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக ஒட்டினேன். இரண்டாம் வருடம் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் வருடம் மற்றவர்கள் கூட்டியதைச் சரிபார்த்தேன். ஐந்தாம் வருடத்தில் எல்லாப் பரீட்சைகளும் முடிந்தன. கணக்காளர் சங்கத்தில் அங்கத்துவம் பெற ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது அலுவலகத் தலைவர் கையொப்பமிடும் அனுபவச் சான்று. அதை அவர் தனக்கு வசதியான நேரத்தில் கையொப்பமிடுவார் என்பது அங்கே எல்லோரும் அறிந்த விடயம். ஒருவருக்கு மூன்று வருடம் எடுத்தது. இன்னொருவர் காத்திருந்து, களைத்து, கனடாவுக்குப் போய்விட்டார்.

அலுவலகத் தலைவர் குகநேசன் சேர். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கடிதங்களை எழுந்து நின்றுதான் வாசிப்பார். மேசையில் கடிதத்தை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போடும் அடிமட்டம் ஒன்றை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். பிழை கண்ட வரியில் அடிமட்டம் நிற்கும். யன்னலுக்குத் திரும்பி, கீழே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிழை என்னவென்று நாங்களே கண்டுபிடித்து "ஓம் சேர்" என்று சொல்லும்வரை திரும்பமாட்டார். சில நாளில் இரண்டு நிமிடம், சில நாளில் பதினைந்து. எனக்கு வேலை தெரியுமென்றால் அது அந்த அடிமட்டத்தால் தெரிந்தது. இதை நான் மறுக்கவில்லை, இனியும் மறுக்கமாட்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. திணைக்களத்துக்குப் போகும் எந்தக் கடிதத்திலும் எங்கள் அலுவலகம் பிழை விட்டதாக ஒரு வரி இருக்கக் கூடாது. நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரரின் தேய்மானக் கணக்கை சேரே பிழையாகப் போட்டுவிட்டார். திருத்தி அனுப்பியபோது கடிதத்தில் இருந்தது: 'வாடிக்கையாளர் தற்போது வழங்கியுள்ள மேலதிக விபரங்களின் பிரகாரம்.' வாடிக்கையாளர் ஒரு விபரமும் வழங்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். அப்போது ஒன்றும் பேசவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். வரி வேலை தெரியாத வாசகருக்காகச் சிறு விளக்கம். எங்கள் நாட்டில் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. சொந்தத் தொழில் செய்பவர் தன் வருமானம் இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, வரியை நான்கு தவணைகளில் கட்டவேண்டும். ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே. முதல் மூன்றும் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வருகின்றன. நான்காவது மட்டும், ஆண்டு முடிந்து ஆறு கிழமை கழித்து, மே நடுவில் வருகிறது. அதாவது மே மாதத்தில் நாங்கள் புதிய ஆண்டுக்குள் நின்றுகொண்டு பழைய ஆண்டுக்குப் பணம் கட்டுகிறோம். சீட்டில் ஆண்டின் குறியீட்டை எழுதி, அதன் பின்னால் எத்தனையாம் தவணை என்ற எண்ணை எழுதவேண்டும்.

இந்தக் குழப்பம் வரக்கூடாதென்றே எங்கள் அலுவலகத்தில் ஓகஸ்ட் மாதத்தில் நான்கு சீட்டுகளையும் ஒரேயடியாக எழுதி, ஓர் உறையில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவோம். நல்ல முறை. ஆனால் அந்த வருடம் ஸ்டெல்லாவின் லோண்டரியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, மேசை லாச்சியில் இருந்த மே மாதத்துச் சீட்டு ஊறிப்போனது. தொலைபேசியில் சொன்னார். நான் புதுச் சீட்டு எழுதி முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நாங்கள் தொடும் ஒவ்வொரு கோப்பிலும் புதிய ஆண்டை எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. அதே கை சீட்டிலும் புதிய ஆண்டை எழுதி, பின்னால் நான்கு என்ற எண்ணையும் போட்டது. ஸ்டெல்லா கையொப்பமிட்டார். என்னில் இருந்த நம்பிக்கையில் குறியீட்டை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குக் காசு தந்தார்.

நவம்பர் மாதக் கடைசியில் அறிவித்தலோடு படியேறி வந்தார். ஸ்டெல்லாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. கையெல்லாம் சவர்க்காரத்தில் வெளிறிப்போயிருக்கும்.

"தங்கச்சி, நான் கட்டலைன்னு எழுதியிருக்காங்க. இங்க பாருங்க, பேங்க் சீல். கட்டாமலா சீல் அடிப்பாங்க?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் எழுத்து. குறியீட்டை வாசிக்க ஒரு நொடிக்கு மேல் எடுக்கவில்லை.

"அக்கா, நீங்கள் கட்டினது சரி. சீட்டு எழுதினது நான். வருஷத்தைப் பிழையா எழுதிப்போட்டன்."

"நீங்களா?" ஸ்டெல்லா என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார். "பரவால்ல விடுங்க. மனுஷருக்கு வராததா? எங்க பொண்ணுங்க வெள்ளைத் துணியோட சிவப்பு சட்டையப் போட்டு ஒருதடவ முப்பது பெட்ஷீட்ட ரோஸ் கலராக்கிட்டாங்க. திருத்திடலாம்ல?"

"திருத்தலாம்."

"எத்தன நாள்ல?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. லோண்டரியின் முக்கால்வாசி வேலை ஒரே ஹோட்டலிலிருந்து வந்தது. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், வரி நிலுவை இல்லை என்ற கடிதம் டிசம்பர் இருபதுக்கு முன் ஹோட்டலின் கொள்முதல் பிரிவுக்குப் போகவேண்டும். நிலுவை ஒரு ரூபாய் இருந்தாலும் அந்தக் கடிதம் கிடைக்காது.

"ஏழு பொம்பளைங்க வேல பாக்குறாங்க தங்கச்சி. ஜனவரியில அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

பக்கத்து மேசையில் இருந்த ரிஸ்னா, எங்கள் அலுவலகத்தில் என்னோடு ஒரே வருடம் சேர்ந்தவள், ஸ்டெல்லா போனதும் கதிரையைத் திருப்பினாள். "மெஷின் மாதிரி ஈக்கிற உங்களுக்கும் பிழ வருதா? எனக்கு இண்டைக்குத்தான் நிம்மதி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சேர்ட்ட போய் நீங்க எழுதினண்டு சொல்லாதீங்கோ. குழாய் வெடிச்சு, தண்ணி பட்டு, எழுத்து கலஞ்சிட்டெண்டு சொல்லுங்கோ."

"எழுத்து கலையேல்லை ரிஸ்னா. நல்ல வடிவா இருக்கு."

சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், ஸ்டெல்லாட நாலாம் தவணை புது வருஷத்தில விழுந்திட்டுது. சீட்டு நான் எழுதினது."

சீட்டை மேசையில் வைத்தார். அடிமட்டத்தை எடுத்துக் குறியீட்டின் கீழே வைத்தார். யன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதில கையெழுத்து ஆற்ற?"

"ஸ்டெல்லாட."

"கட்டினது ஆர்?"

"ஸ்டெல்லா."

"அப்ப பிழை ஆற்ற?"

"என்ர, சேர்."

"இல்லைப் பிள்ளை. கையெழுத்துப் போட்டவதான் பொறுப்பு. சட்டம் அவ்வளவுதான். வரி செலுத்துநரின்ர கவனக்குறைவால எண்டு எழுதி, மாத்தச் சொல்லிக் கேட்டுக் கொண்டு வாரும். இல்லாட்டித் திருப்பி ஒருக்காக் கட்டச் சொல்லும். முந்திக் கட்டின காசு எங்கையும் ஓடிப்போகாது. வாற மேயில கழிச்சுப் போடலாம்."

"அவவிட்டக் காசில்லை சேர். இந்த மாதம்தான் நவம்பர்த் தவணை கட்டினவ. அதோட, கவனக்குறைவு எண்டு எழுதினா தண்டம் நிக்கும்."

"தண்டம் என்ன பெரிய தண்டம்?"

"தண்டம் நிண்டா நிலுவை. நிலுவை இருந்தா ஹோட்டலுக்குக் கடிதம் இல்லை."

இந்த இடத்தைப் பயிலுநர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். பிழையாக விழுந்த தவணையை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது கடினமான வேலை இல்லை. எந்தத் திகதியிலிருந்து மாற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோரிக்கைக் கடிதத்தின் திகதியிலிருந்து மாற்றினால், மேயிலிருந்து அந்த நாள்வரை தவணை கட்டப்படாமல் இருந்ததாகவே கணக்குச் சொல்லும். வட்டியும் தண்டமும் அப்படியே நிற்கும். பணம் உண்மையில் கட்டப்பட்ட திகதியிலிருந்து மாற்றினால், தவணை நேரத்துக்கு வந்ததாக ஆகும். நிலுவை பூச்சியம். அந்தத் திகதியைப் பெற, இது கட்டாமல் விட்டதை மறைக்கும் கதை அல்ல, எழுத்துப் பிழைதான் என்று காட்டவேண்டும். எழுதியவரே 'நான் எழுதினேன், இப்படித்தான் பிழைத்தது' என்று சொல்வதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

சேருக்கும் இது தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். முதல் பந்தியில், சீட்டு எங்கள் அலுவலகத்தில் தயாரிக்கப்பட்டது, குறியீட்டுப் பிழை எங்களுடையது என்று எழுதியிருந்தேன். எழுந்து நின்றார். அடிமட்டம் அந்த வரியில் நின்றது. அவர் யன்னலுக்குத் திரும்பினார். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

"பிழை ஒண்டும் இல்லை சேர்," என்றேன்.

பதினொரு வருடத்தில் அப்படி ஒருவரும் அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் திரும்பினார். கோபம் தெரியவில்லை. பேனையை எடுத்து அந்தப் பந்தியை ஒரே கோட்டில் வெட்டினார். "இந்த லெட்டர்ஹெட்டில இது போகாது."

"அப்ப லெட்டர்ஹெட் வேண்டாம் சேர். ஸ்டெல்லா தன்ர பேரில கேக்கலாம். நான் எழுதினதெண்டு நான் தனியா எழுதிக் கையெழுத்து வைக்கிறன். நாளைக்கு லீவு போட்டிட்டு அவவோட போறன்."

"உம்மட அனுபவச் சான்று என்ர லாச்சிக்குள்ளதான் கிடக்கு. தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ?"

"ஓம் சேர்."

அன்று மாலை ஸ்டெல்லாவும் நானும் சேர்த்த ஆவணங்கள் ஐந்து வகை. வங்கி முத்திரையுள்ள சீட்டின் பிரதி. நான்கு சம தவணைகள் காட்டப்பட்ட மதிப்பீட்டு அறிக்கை. இரண்டு ஆண்டுகளின் கணக்கு அச்சுப் பிரதிகள். ஸ்டெல்லாவின் கோரிக்கை. என் வாக்குமூலம், ஒரு பக்கம், ஒன்பது வரி. கோரிக்கையில் 'பணம் கட்டப்பட்ட திகதியிலிருந்து' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டேன்.

காலையில் திணைக்களத்தின் மூன்றாம் மாடியில் வரிசையில் நின்றோம். எங்களுக்குக் கிடைத்த உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது, தங்கைக்கு அவர்கள் சொல்லும் 'நங்கி'யைத் தவிர மற்றதைத் தமிழில் தருகிறேன். கோரிக்கையை வாசித்துவிட்டு, "மாற்றலாம் நங்கி, பிரச்சினை இல்லை. ஆனால் கணினி இன்றைய திகதியைத்தான் எடுக்கும்," என்றார்.

"மெடம், சீட்டின் கடைசி எண்ணைப் பாருங்கள்."

"நான்கு."

"எந்த ஆண்டு?"

"இந்த ஆண்டு."

"அவர் கட்டிய அன்று இந்த ஆண்டுக்கு ஆறு கிழமை வயது. முதலாம் தவணை ஓகஸ்டில்தான் வரும். அதற்கு முன் நான்காம் தவணையைக் கட்ட யாருக்காவது பைத்தியமா? ஓகஸ்டிலும் நவம்பரிலும் முதலாம் இரண்டாம் தவணைகளை அவர் தனித்தனியாகக் கட்டியிருக்கிறார். இதோ அச்சுப் பிரதி."

நெற்றியிலிருந்த கண்ணாடி கீழே இறங்கியது. கணக்கை மேலிருந்து கீழே பார்த்தார். நான்கு, ஒன்று, இரண்டு. சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த அம்மா ஒரு வருடம் முன்னாலேயே கட்டிவிட்டு இருக்கிறார். எல்லோரும் இப்படி இருந்தால் நாங்கள் வீட்டுக்குப் போகலாம்."

"என்ன சிரிக்கிறாங்க?" என்று ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தார்.

"நீங்கள் நல்ல பிள்ளையாம், முந்தியே கட்டிப்போட்டீங்களாம்."

"அப்போ தண்டத்த எடுக்கச் சொல்லுங்க அந்த நல்ல பிள்ளைக்கு."

உத்தியோகத்தர் என் வாக்குமூலத்தை இரண்டு தரம் வாசித்தார். கட்டிய திகதியிலிருந்து மாற்ற மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றார். அதை எழுதத் தொடங்கி, கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டியதும் பேனையை வைத்துவிட்டார்.

"இந்தக் கோப்புக்கு ஒரு முகவர் இருக்கிறார். உங்கள் அலுவலகம்தான். முகவர் இருக்கும்போது இப்படி ஒரு மாற்றத்துக்கு முகவரின் கடிதம் வேண்டும். எங்கே?"

"தரமாட்டார்கள்."

"ஏன்?"

"பிழை தங்களுடையது என்று எழுத அவர்களுக்கு விருப்பம் இல்லை."

அவர் என்னையும் வாக்குமூலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நங்கி, நீ இன்னும் அங்கே வேலை செய்கிறாயா?"

"இன்றைக்கு லீவு."

அதைக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். முகவரை நீக்கும் படிவம். வரி செலுத்துநர் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து கோப்பு அவர் பெயரில் மட்டும் இருக்கும். அதன் பிறகு முகவரின் கடிதம் தேவைப்படாது.

எனக்கு அந்தப் படிவத்தைத் தெரியும். ஸ்டெல்லாவின் கோப்பு எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருந்தது. அதில் அவர் கையொப்பமிட்டால், நான் அலுவலகத்தின் பிழையை வெளியே சொன்னவள் மட்டும் அல்ல, அலுவலகத்தின் வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனவளும் ஆவேன். இதையெல்லாம் ஸ்டெல்லாவுக்கு விளங்கும்படி சொன்னேன். சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை.

"கையெழுத்து வைச்சா, உங்கட கணக்கைப் பாக்க அங்க ஒருத்தரும் இல்லை அக்கா. யோசிச்சு வையுங்கோ."

"உங்களுக்கு வேல போயிரும்ல?"

"அது என்ர பாடு. உங்கட காரணத்துக்கு மட்டும் முடிவெடுங்கோ."

ஸ்டெல்லா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். "நான் கட்டுன காச நான் கட்டலைன்னு எழுதுறவங்க எனக்கு எதுக்கு? எங்க வைக்கணும், இங்கயா?"

கையொப்பமிட்டார். பெயரின் கடைசி எழுத்தைப் பெரிதாக வளைத்து, கட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் முடித்தார். உத்தியோகத்தர் அதற்கும் சிரித்தார்.

ஒப்புதல் அன்று வரவில்லை. மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். அடுத்த முறை போனபோது கணினி வேலை செய்யவில்லை. மூன்றாம் முறை போனது டிசம்பர் பதினெட்டில், அப்போது ஸ்டெல்லா ஏழு பெண்களில் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "சும்மா உக்காந்திருப்பாங்க, அவங்களும் பாக்கட்டும்," என்றார். பிற்பகலில் திருத்திய கணக்கை அச்செடுத்துத் தந்தார்கள். வரி நிலுவை இல்லை என்ற கடிதமும் அதனோடு வந்தது. கடிதத்தை நான் மூன்று தரம் சரிபார்த்தேன். பெயர், இலக்கம், ஆண்டு. ஸ்டெல்லா அதை ஹோட்டலுக்குத் தானே கொண்டுபோனார். பஸ்ஸில் போகமாட்டேன், மடிந்துவிடும் என்று முச்சக்கர வண்டி பிடித்தார்.

படிவத்தைப் பற்றி, திணைக்களத்துக்கு முதல் தரம் போய்வந்த மறுநாள் காலையிலேயே நான் சேரிடம் சொல்லிவிட்டேன். திணைக்களத்திலிருந்து அறிவித்தல் போய், அதில் சேர் வாசித்து அறியும்படி விட எனக்கு மனம் வரவில்லை.

"அந்த பைல் எங்களிட்ட எத்தினை வருஷம்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு சேர்."

"நீர்?"

"பதினொண்டு."

தலையை ஆட்டினார். அடுத்த கடிதத்தை எடுத்து அடிமட்டத்தை அதில் வைத்தார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஸ்டெல்லாவின் வேலை முடியும்வரை இருந்துவிட்டு, டிசம்பர் கடைசியில் விலகல் கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், என் பிழையை வாடிக்கையாளரின் பெயரில் எழுத மறுத்ததால் என்று எழுதினேன். ரிஸ்னா அதை வாசித்துவிட்டு, "சொந்தக் காரணங்கள் எண்டு போட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். அது சொந்தக் காரணம் இல்லை என்றேன். "நீங்க திருந்தமாட்டீங்க," என்று சொல்லிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து புரியாணி வாங்கி வந்தாள்.

சேர் நல்லவரா கெட்டவரா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தன் அலுவலகத்தின் பெயரைக் காப்பாற்றினார். அதற்கு ஒரு லோண்டரிக்காரியின் பெயரை எடுத்துப் பாவித்தார். இரண்டும் ஒரே கடிதத்தில் நடந்தன. கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம், சான்றை வாங்கிக்கொண்டு பிறகு வாயைத் திறந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். பிறகு திறந்திருந்தால் டிசம்பர் இருபது தாண்டியிருக்கும்.

இன்றைய நிலை இது. ஸ்டெல்லாவின் அந்த ஆண்டுக் கணக்கில் நான்கு தவணைகளும் கட்டப்பட்ட திகதிகளில் நிற்கின்றன. வட்டி இல்லை, தண்டம் இல்லை. ஹோட்டல் ஒப்பந்தம் அதன் பிறகு இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. லோண்டரியில் இப்போது ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு மென்பொருளைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். என் அனுபவச் சான்று கையொப்பமாகவில்லை, ஆகவே நான் அங்கத்தவர் இல்லை. திணைக்களத்துக் கோப்பிலிருந்து என் வாக்குமூலத்தை மீளப்பெற்றால் சான்று அதே கிழமையில் கையொப்பமாகும் என்று பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு முறை ஆளனுப்பிச் சொன்னார்கள். வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது.